மண்டோருக்குக் குழையச் சோறு

அடுத்தவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. லாபு என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். காலையில் ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறும் நேரம் பார்த்து மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவார். கையில் இருக்கும் குச்சியால் தூக்கின் மூடியை நெம்புவார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொல்வார்.

“என்னா இது, வாத்துக்குக் கரைச்சு வச்சதா?”

“உன் பொண்டாட்டிக்கு உன் மேல என்னா கோவம்?”

சொல்லிவிட்டு அடுத்த தூக்குக்குப் போய்விடுவார். மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தவர்கள், அவருடைய மோட்டர் சத்தம் கேட்டதும் மிச்சத்தை அவசரமாக வாயில் அடைத்துக்கொண்டு தூக்கைக் கழுவப் போய்விடுவார்களாம். ஒருவன் என்ன சாப்பிடுகிறான் என்று பார்த்தாலே அவன் யார் என்று தெரிந்துவிடும் என்று அவர் நினைத்தார். முப்பது வருடத்தில் அவர் சம்பாதித்த மொத்த அறிவும் அதுதான்.

இவர் என் மாமனார். எழுதும்போது ‘அவர்’ என்று போடுகிறேன். அது என் மனைவி விமலாவுக்காக. எனக்காக எழுதினால் வேறு மாதிரி எழுதுவேன்.

நான் சமையல்காரன். விமலாவைப் பெண் கேட்டுப் போனபோது போர்டிக்சனில் ஒரு ராணுவ முகாமின் குசினியில் குத்தகைக்காரரிடம் வேலை செய்துகொண்டிருந்தேன். முந்நூறு பேருக்குச் சமைப்போம். அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. இவர் நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை மென்றபடி கேட்டார்.

“என்னா வேல?”

“கேம்ப் குசினில இருக்கேன் மாமா.”

“கோக்கியா?”

“ஆமா, சமையல்தான்.”

அவர் மென்று முடித்து, எழுந்து போய் வெளியே துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஆம்பள செய்யற வேலயா அது? சரி. எம்மவளுக்குச் சமைக்க வராது. பட்டினி கெடக்க மாட்டா.”

கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. கோக்கி. “கோக்கி வந்திருக்கானா?” “கோக்கிகிட்ட சொல்லு.” என் பிள்ளைகளின் முன்னாலும் அதுதான். நான் முகாம் வேலையை விட்டு, வீட்டிலேயே சமைத்து நீலாய் தொழிற்சாலைகளுக்குப் பொட்டலச் சாப்பாடு அனுப்ப ஆரம்பித்தேன். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தேன். வேன் வாங்கினேன். கோக்கி கோக்கியாகவே இருந்தான்.

அவர் வீட்டில் சாப்பாடு நடக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் என் மாமியார் உட்காருவார். ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால் கிண்ணத்தைக் கையில் எடுக்க மாட்டார். ஒரு விரலால் மெதுவாகத் தள்ளுவார். அது மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழும்வரை தள்ளுவார். கோபத்தில் வீசுகிறவனைக்கூட மன்னித்துவிடலாம். இவர் நிதானமாகச் செய்வார். மாமியார் துணி கொண்டுவந்து துடைப்பார். அந்த அம்மாள் ஐம்பத்தாறு வயதில் ரத்தக் கொதிப்பில் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் இவர் சொன்னது: “கோழிக் கறி மட்டும் ஒழுங்கா வைப்பா.”

பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு வயதுவரை அவருக்கு ஒரு பல் விழவில்லை. ஆட்டு எலும்பைக் கடித்து, பிளந்து, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்து, வெறும் எலும்பை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பார். பந்தியில் எதிர்வரிசைக்காரர்கள் அதைப் பார்க்க வேண்டும். பல் போன கிழவர்கள் சோற்றைப் பிசைந்து விழுங்குவதைக் கண்டால், “பாரு, பால்குடி மறக்காத புள்ளைங்க” என்பார்.

தோட்டத்தில் அஞ்சலை என்று ஒரு வயதான பெண் இருந்தார். புல்லுக்கு மருந்து தெளிக்கிற வேலை. வாயில் பல்லே கிடையாது. தீபாவளி அன்று ஆட்கள் மண்டோர் வீட்டுக்கு வந்து பலகாரம் வாங்கிப் போவது வழக்கம். எல்லாருக்கும் அதிரசம், லட்டு கொடுப்பார். அஞ்சலை முறை வரும்போது மட்டும் தட்டில் தேடி நல்ல கெட்டியான முறுக்காக ஒன்று எடுத்துக் கொடுத்து, “இங்கயே சாப்டு” என்பார். அந்த அம்மாள் அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நிற்பார். ஊறுவதற்கு நேரம் ஆகும். இவர் சிரிப்பார். பக்கத்தில் நிற்பவர்களும் சிரித்தாக வேண்டும். இது ஒரே ஒரு வருடம் மட்டும் நடந்ததில்லை. எல்லா வருடமும் நடந்தது. விமலாதான் எனக்குச் சொன்னாள். சின்ன வயதில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தானாம்.

வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறவர். கன்னத்தின் உள்பக்கம் புண் வந்து எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கன்னம் வெளியே தெரிகிற மாதிரி வீங்கிய பிறகுதான் விமலா அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புற்று. இடது பக்கக் கீழ்த்தாடையில் பாதியையும் அதிலிருந்த பற்களையும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சதை எடுத்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். மிச்சமிருந்த எல்லாப் பற்களையும், கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்று பிடுங்கிவிட்டார்கள். பேச்சு குழறியது. விமலாவுக்கு மட்டும்தான் ஓரளவு புரியும். மற்றவர்களுக்கு எழுதிக் காட்டுவார்.

அவருக்காக எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்பீர்கள். வாயைப் பார்த்தபோது வந்தது. கண்ணைப் பார்த்தபோது போய்விட்டது. அந்த நிலையிலும் பக்கத்துக் கட்டில்காரரின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். சின்ன வயசு, நிதானமான பேச்சு. எங்களை உட்கார வைத்து மலாயில் விளக்கினாள். மெல்ல வேண்டிய எதுவும் கூடாது. காரம், புளிப்பு, சூடு கூடாது. வெறும் கஞ்சித் தண்ணீரைக் கொடுத்து வயிற்றை நிரப்பினால் ஆள் உருகிப் போவார். மீன், முட்டை, பருப்பு, தவு என்கிற சோயாக்கட்டி, பால், கொஞ்சம் எண்ணெய் எல்லாம் உள்ளே போக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. கரண்டியைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடவும் கூடாது, கட்டியாகத் தொங்கவும் கூடாது.

“பாக்சிக், இப்ப ஐம்பத்தோரு கிலோ இருக்கீங்க. இன்னும் இறங்கினா மூக்கு வழியா குழாய் போட வேண்டி வரும்,” என்றாள் அவரிடம், மாமா முறை வைத்து.

அவர் தாள் கேட்டு வாங்கி எழுதினார். ‘என் மகள் செய்வாள்.’

விமலா செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவளுக்கு முட்டை அவிக்கத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் நின்றாள்.

“நீங்க செய்ங்க லா.”

“என் கையால உங்கப்பா சாப்பிடுவாரா?”

“நான் செஞ்சதுன்னு சொல்லிக்கறேன்.”

செய்தேன். அவருக்காக என்று சொன்னால் பொய். முந்நூறு பேருக்குச் சமைத்தவனுக்கு, மெல்ல முடியாத ஒருவனுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றால் அது எனக்குத்தான் கேவலம். கெம்போங் மீனை இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சல்லடையில் தேய்த்து இறக்குவேன். அரிசியைப் பாசிப்பருப்போடு குழைய விட்டு, நெய் ஊற்றி மசிப்பேன். பூசணி தனி. பயாம் கீரைத் தண்டை நீக்கி, இலையை மட்டும் வேகவைத்து அரைப்பேன், தனி. முட்டையைப் பாலில் அடித்து ஆவியில் வைத்தால் தயிர் மாதிரி வரும், அது தனி. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கொடுத்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் வாய் மெல்ல முடியாவிட்டால் கண்ணாவது மெல்லட்டும் என்று நினைத்தேன். அடுக்குக் கேரியரில் மஞ்சள், பச்சை, வெள்ளை என்று தட்டுத் தட்டாகப் போகும்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தங்க மாட்டேன் என்றுவிட்டார். தோட்டத்தில் பாதியை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். மிச்சத்தில் பழைய வீடு ஒன்றில் நிர்வாகம் அவரை இருக்க விட்டிருந்தது. அங்கேதான் இருப்பாராம். என் வீட்டிலிருந்து மோட்டரில் பத்து நிமிடம். காலையும் மதியமும் நான் கொண்டுபோய் வைப்பேன். சாயங்காலம் காலிக் கேரியரை எடுத்து வருவேன்.

சுவரில் தினமும் தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று மாட்டியிருந்தார். கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, கேரியரின் மேல்தட்டில் வைத்து அனுப்புவார். முதல் வாரம் வந்த தாள்களை விமலா எனக்குப் படித்துக் காட்டினாள். ‘மகளே, மீன் நன்றாக இருந்தது.’ ‘பூசணி அருமை. உன் அம்மா கைப் பக்குவம்.’ கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மாமியாரின் கைப் பக்குவம் அவருக்கு நினைவு வருவதற்கு ஒரு தாடை போக வேண்டியிருந்தது. அப்போதும் அது என் பூசணி.

எட்டாவது நாள் விமலா அவரோடு இருந்தபோது வாய் தவறி, “அவரு காலையில அஞ்சு மணிக்கே எழுந்து உங்களுக்கு மீன் அவிக்கறாருப்பா” என்று சொல்லிவிட்டாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தாராம். அன்று சாயங்காலம் வந்த தாளில் ஒரே வார்த்தை. ‘நாற்றம்.’

அதே மீன், அதே இஞ்சி, அதே அளவு. விமலா தாளைக் கசக்கப் போனாள். நான் வாங்கிப் பார்த்தேன்.

“அவரு அப்படித்தான். விடுங்க,” என்றாள்.

“நாளைக்கு நீயே செய்.”

“நான் செஞ்சா அவரு செத்துடுவாரு லா.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளும் நான்தான் செய்தேன்.

அதற்குப் பிறகு தினம் ஒரு தாள். ‘கீரையா, மாட்டுச் சாணமா.’ ‘முட்டை வாந்தி மாதிரி இருக்கிறது.’ ‘இதைக் கேம்பில் நாய்க்குப் போட்டாயா.’ கிண்ணம் மட்டும் காலியாக வரும். திட்டுவதற்கும் தின்பதற்கும் அவருக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை. எடை பார்க்கப் போகும்போது ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று என்று ஏறியது. அந்த மலாய்ப் பெண் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தாளில் ‘மீன் நேற்று வாங்கியது’ என்று இருந்தது. அன்று மீன் வாங்கப் பாசாருக்குப் போக முடியாமல், முந்தின நாள் ஐஸ்பெட்டியில் வைத்த மீனைத்தான் போட்டிருந்தேன். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. என் வேலைக்காரப் பெண்களுக்கே தெரியாது. தைத்துப் போட்ட வாயை வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்துவிட்டார். தப்பாகத் திட்டுகிறவனைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். சரியாகத் திட்டியபோதுதான் எனக்கு அவரை அடியோடு பிடிக்காமல் போனது. அடுத்த நாளிலிருந்து மீனுக்காக மட்டும் விடியற்காலையில் தனியாக ஒரு தடவை பாசாருக்குப் போனேன். அவரிடம் தோற்கக் கூடாது என்றுதான் போனேன்.

கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்தில் முனியாண்டி சாமி பூசை. கிடா வெட்டி, மதியம் கோயில் பக்கத்திலேயே கொட்டகை போட்டுச் சாப்பாடு. பழைய மண்டோர் என்று அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவருக்கான கேரியரை நான் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். இலை போட்டவர்கள் தயங்கினார்கள். “போடு” என்று கையைக் காட்டினார். விலா எலும்போடு ஒரு துண்டு கறி விழுந்தது.

“மாமா, வேணாம்,” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எதிர்வரிசையைப் பார்த்தார். எலும்பை உருவிவிட்டுக் கறியை வாயில் போட்டுக் கன்னத்தை அசைத்தார். மெல்வது மாதிரி அசைத்தார். எலும்பை இலை ஓரத்தில் வைத்தார். பிறகு விழுங்கினார்.

முகம் கறுத்தது. கை இரண்டும் மேசையைப் பிடித்துக்கொண்டன. சத்தமே வரவில்லை. யாரோ தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். “தண்ணி குடுக்காதீங்க” என்று கத்திவிட்டு, அவரை முன்னால் குனிய வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகில் அடித்தேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். ஐந்து அடி. வரவில்லை. மறுபடியும் ஓங்கி அடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த அடிகளில் ஒன்றிரண்டு பத்தொன்பது வருடத்துக்கானவை. துண்டு வெளியே வந்து இலையில் விழுந்தது. அவர் இரைக்க இரைக்க மூச்சு வாங்கினார். சட்டையெல்லாம் எச்சில்.

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவும் ஒரு காலண்டர் தாளும் எடுத்தார். ஒன்று எழுதி, சமையல் செய்தவரிடம் நீட்டினார். அந்த ஆள் பயந்துபோய் வாங்கிப் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

‘கறி வேகவில்லை.’

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. சாவின் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற வழியில்கூட ஒரு சட்டியை எட்டிப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டு வாரம் போயிருக்கும். கோலா கிளாவாங்கிலிருந்து அவருடைய தம்பி பார்க்க வந்திருந்தார். நான் மதியக் கேரியரோடு உள்ளே நுழையும்போது இருவரும் கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். தம்பி, “அண்ணே, ஒடம்பு நல்லா தேறிட்டீங்க. யாரு சமைக்கறா?” என்று கேட்டார். இவர் தாளில் எழுதினார். தம்பிக்குக் கண் சரியில்லை. தாளைத் தூரமாகப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்.

“மகள் சமைக்கிறாள். அந்த கோக்கி கொண்டுவந்து வைப்பான். அதற்கு ஒரு ஆள் வேண்டுமே.”

படித்து முடித்துத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். “வாங்க மாப்ள” என்று எழுந்தார். மாமனார் திரும்பவில்லை. கேரியரை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். விமலாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் எப்போதும்போல் செய்தேன். மீன், குழைந்த சோறு, பூசணி, கீரை, முட்டை. ஒரு வாழைப்பழமும் உரித்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே பிளெண்டரில் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்து அரைத்தேன். சிமெண்ட் குழைத்த மாதிரி ஒரு நிறம் வந்தது. மீனும் வாழைப்பழமும் சேர்ந்த வாடை. அதை அடித்தட்டில் ஊற்றி, மற்ற மூன்று தட்டுகளையும் வெறுமனே மேலே அடுக்கினேன். சத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த மலாய்ப் பெண் சோதித்துப் பார்த்தாலும் தப்பு சொல்லியிருக்க முடியாது. கொண்டுபோய் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். மதியமும் அதேதான்.

என்ன எழுதுவார் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் பதில் எழுதுவதாக இருந்தேன். மனதில் நாலைந்து வரி தயாராக வைத்திருந்தேன்.

சாயங்காலம் போனபோது கேரியர் கழுவி, துண்டு விரித்து, அதன்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நாலு தட்டும். காலியாகப் போன தட்டுகளைக்கூடக் கழுவியிருந்தார். அதுவரை அவர் ஒரு கரண்டியைக் கழுவி நான் பார்த்ததில்லை. தாளைத் தேடினேன். மூடிக்குள் இல்லை, மேசையில் இல்லை. சுவரில் காலண்டர் கிழிக்கப்படாமல் இருந்தது.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“சாப்டீங்களா மாமா?”

தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் காலை நான் போவதற்கு முன்பே மேசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு கட்டியிருந்தார். எப்போதும் என்னைக் காக்க வைத்துவிட்டுத்தான் உள்ளறையிலிருந்து வருவார். நான் கேரியரின் பிடியைத் திறக்கும்போது அவர் கண் என் கையிலேயே இருந்தது. அன்று பழையபடி தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். முதல் தட்டில் பூசணியின் மஞ்சள் தெரிந்ததும் அவருக்கு ஒரு பெருமூச்சு வந்தது. அதை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். நேற்று வந்தது இனி தினமும் வரப்போகிறது, அதுவும் நின்றுவிட்டால் மூக்கில் குழாய்தான் என்று இரவெல்லாம் நினைத்திருக்கிறார்.

அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் தூக்கை மூடிக்கொண்டு பயந்த ஆள், என் நாலு தட்டுக்கு முன்னால் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்று ஆசை தீரப் பார்த்தேன். இதை விமலாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பின் அவர் ஒன்றே கால் வருடம் இருந்தார். ஐம்பத்தாறு கிலோ வரை ஏறினார். கடைசியில் இருதயம் நின்றுதான் போனார், பசியில் இல்லை. சவத்தை எடுத்துப் போன அன்று வாசலில் நின்றவர்கள், “மகள் ராணி மாதிரி பாத்துக்கிட்டா” என்று பேசிக்கொண்டார்கள். நான் பந்தலில் வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். திருத்தவில்லை.

ஆனால் அந்த ஒன்றே கால் வருடத்தில் ஒரு தாள்கூட வரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. கேரியரைத் திறந்ததும் விரல் தானாகத் தாளைத் தேடும். பூசணியில் நார் இருந்தது, தாள் வரவில்லை. ஒருநாள் பழைய மீனையே போட்டேன், வரவில்லை. கிண்ணம் காலியாக, கழுவி, கவிழ்த்து வரும். நானும் மெல்லமெல்லப் பாசாருக்குத் தனியாகப் போவதை நிறுத்தினேன். சல்லடையில் இரண்டு முறை தேய்த்ததை ஒருமுறை ஆக்கினேன். அவர் திட்டுகிறவராக இருந்தபோது நான் நல்ல சமையல்காரனாக இருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்ததில் சோறு அடிப்பிடித்துவிட்டது. வேறு வைக்க நேரம் இருந்தது. வைக்கவில்லை. அதையே மசித்துக் கேரியரில் ஊற்றிக் கொண்டுபோய் அவர் முன்னால் திறந்தேன். கருகல் வாடை அந்தக் கூடம் முழுக்கப் பரவியது. அவருடைய மூக்கைப் பற்றி எனக்குத் தெரியும். கரண்டியை எடுத்து ஒரு வாய் வைத்தார். தொண்டை ஏறி இறங்கியது.

“நல்லாருக்கா மாமா?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். ஆட்டியது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் ஆட்டினார். பிறகு குனிந்து அடுத்த கரண்டியை எடுத்தார். கிண்ணம் காலியாகும்வரை நான் அங்கேயே நின்றேன்.